பவளத் தொட்டிக்கு மடையும் மறுகாலும்

120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள ஒரு கண்ணாடித் தொட்டியில் நீர்மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 7.2 லிட்டர் தண்ணீர் வெளியே போயிருக்கிறது. சாதாரணப் பெருக்கல்தான். ஆனால் இந்தக் கணக்கை நான் முதன்முதலில் போட்டது ஆடி மாதத்து ராத்திரி இரண்டு மணிக்கு. வீட்டுத் தரையில் நின்ற உப்புத் தண்ணீரைச் சாக்குப் போட்டு ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டையில் வீடு. ஆனி, ஆடியில் மேல்காற்று வேகமெடுத்தால் எங்கேயாவது ஒரு மட்டை கம்பியில் விழும், கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். அன்றைக்கும் அப்படித்தான். அம்மாதான் முதலில் எழுந்தாள். "ஏல, எந்திரி. தரையெல்லாம் நசநசங்குது. கடல் வாடை அடிக்கு" என்று உலுக்கினாள். டார்ச்சை அடித்துப் பார்த்தால், கீழே இருக்கும் சம்ப் விளிம்பு தட்டி வழிந்துகொண்டிருக்கிறது. மேலே தொட்டியில் பாறைகளின் தலை வெளியே தெரிகிறது.

பவளத் தொட்டி வைத்திராதவர்களுக்காக ஒரு சொல். மேலே பார்வைக்கு இருப்பது மீனும் பவளமும் உள்ள தொட்டி. அதன் அடியில், ஸ்டாண்டுக்குள், இன்னொரு சிறிய தொட்டி. அதைத்தான் சம்ப் என்கிறோம். (தெருக்குழாய்த் தண்ணீர் பிடிக்க முற்றத்தில் தோண்டும் சம்ப் அல்ல.) அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், ஹீட்டர் போன்ற பார்வைக்கு ஆகாத சாமான்கள் எல்லாம் அதில் இருக்கும். மேல்தொட்டியின் தண்ணீர் ஒரு விளிம்பைத் தாண்டி வழிந்து டிரெய்ன் குழாய் வழியாக சம்புக்கு இறங்கும். சம்பில் உள்ள பம்ப் அதை ரிட்டர்ன் குழாய் வழியாக மேலே ஏற்றும். நாள் முழுக்க இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

கரண்ட் போனால் பம்ப் நிற்கும். நின்ற உடனே ரிட்டர்ன் குழாய் தலைகீழாக வேலை செய்யத் தொடங்கும். கேனில் டியூபைப் போட்டு வாயால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் மண்ணெண்ணெய் தானாக வந்துகொண்டே இருக்குமே, அதே சைஃபன். குழாயின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு மட்டம் இறங்கி, வாய்க்குள் காற்றுப் புகுந்தால்தான் நிற்கும்.

என் பழைய ரிட்டர்ன் வாய் நீர்மட்டத்துக்கு 18 செ.மீ. கீழே இருந்தது. பாறைக்குப் பின்னால் அழுக்கு தங்காமல் தண்ணீர் அடித்துத் தள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு நானே அப்படி வைத்தேன். குழாயில் ஒரு என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டிருந்ததால் தண்ணீர் திரும்பி வராது என்ற தைரியம். மறுநாள் அதைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் தட்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் மிளகளவு நத்தை ஓடு ஒன்று சிக்கியிருந்தது. தட்டு முழுதாக மூடவில்லை. 18 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 130 லிட்டர். பாறை அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்தாலும் 110க்குக் குறையாது. சம்பில் காலியாக இருந்த இடம் 60 லிட்டர். மிச்சம் மூன்று குடத்துக்கு மேல் தரைக்கு வந்துவிட்டது.

உப்புத் தண்ணீரில் என்.ஆர்.வி. ஒரு கூடுதல் காவல் மட்டும்தான். உப்புப் படியும், சுண்ணாம்புப் பாசி ஒட்டும், நத்தை உட்காரும். அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு சம்பின் அளவை முடிவு செய்யக் கூடாது. புதிய அமைப்பில் நான் அதை வைக்கவே இல்லை.

மொத்தக் குழாயையும் பிரித்துப் புதிதாகப் போடுவது என்று முடிவானது. மீன்களும் பாறைகளும் மூன்று வாரம் நீல டிரம்களில் இருந்தன, சுழற்சிக்கு ஆளுக்கொரு சின்ன பம்புடன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தொட்டியில் இருப்பது செயற்கைப் பாறை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு கல்கூட எடுத்து வரவில்லை. தூத்துக்குடி இங்கிருந்து 50 கிலோமீட்டர்தான். கேட்டால் "கல்லு வேணுமா?" என்று சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள். கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டவை. எடுப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சுண்ணாம்புக்காக ஒரு காலத்தில் வண்டி வண்டியாகப் பவளக்கல் வெட்டி எடுக்கப்பட்ட கடல் அது. 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் அந்தக் காயம் ஆறப் பல வருடம் ஆனது. என் வீட்டு அழகுக்கு அங்கே கை வைக்க மனம் வராது. தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன், மஷ்ரூம், சோவாந்தஸ் போன்ற மென்மையான பவள வகைகள், இவையே எனக்குப் போதும். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் நுட்பத்தை மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே உருவாக்கித் தந்திருக்கிறது.

சரி, குழாய்க்கு வருவோம்.

துணைக்கு முன்னீர்பள்ளம் பக்கத்துப் பிளம்பர் அண்ணாச்சி ஒருவர் வந்தார். வீட்டுக் குழாய் வேலையில் முப்பது வருடம் பழகிய கை. ஆனால் நான் சொன்ன ஹெர்பி என்ற இரட்டை டிரெய்ன் குழாய் முறை அவருக்குப் பிடிபடவில்லை. "ஒரு குழாயில தண்ணி முழுசாப் போகணும்ங்கிய. இன்னொண்ணுல தண்ணியே போகக்கூடாதுங்கிய. போகாத குழாய் எதுக்கு தம்பி?" என்றார். நான் படம் வரைந்து காட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அட, குளத்துக்கு மடையும் மறுகாலும் வைக்கியோ! அதச் சொல்ல வேண்டியதுதான" என்றார்.

அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. மடை என்பது குளத்தின் அடியிலிருந்து அளவாகத் தண்ணீர் விடும் வழி. திறப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். மறுகால் அப்படியல்ல. குளம் நிறைந்து கரையைத் தொடும் முன், மிச்சத் தண்ணீர் தானாக வெளியேறும் மேட்டுவழி. மறுகால் பாயாத வருடங்கள் உண்டு. அதனால் யாரும் மறுகாலை அடைத்துவிடுவதில்லை. ஹெர்பி முறையில் முதல் குழாய் காற்றே இல்லாமல் முழுதாக நிரம்பி சைஃபனாக ஓடும். ஒரு வால்வால் அதன் வேகத்தை பம்பின் வேகத்துக்குச் சமமாக வைக்கிறோம். இரண்டாவது குழாயின் வாய் சற்று உயரத்தில் காய்ந்து கிடக்கும். முதல் குழாயில் ஒரு இலையோ நத்தையோ அடைத்தால் மட்டம் ஏறி இரண்டாவது வாயில் விழும். காற்றுக் கலக்காததால் முதல் குழாயில் சத்தமே இருக்காது. டர்சோ முறையின் ஒற்றைக் குழாயில் காற்றும் தண்ணீரும் சேர்ந்து போகும், கொடகொடவென்று சத்தம் வரும், அடைத்தால் வேறு வழியும் இல்லை. மூன்று குழாய் உள்ள பீன்அனிமல் முறைதான் எல்லாவற்றிலும் பத்திரமானது. ஆனால் என் ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் இரண்டு குழாய்தான் நெருக்கமில்லாமல் போனது.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் வேலை முடியும் வரை மடை, மறுகால் என்றே பேசிக்கொண்டோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பின்கண்ணாடியில் இரண்டு துளை போட வேண்டியிருந்தது. 12 மி.மீ. சாதாரணக் கண்ணாடி. டஃப்பண்ட் கண்ணாடியாக இருந்தால் துளையே போட முடியாது, பிட் இறங்கியதும் மொத்தமும் நொறுங்கிவிடும். வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. தொட்டியைப் பின்புறம் மேலாகப் படுக்க வைத்தோம். துளை வரும் இடத்தைச் சுற்றிக் குளத்துக் களிமண்ணால் விரல் உயரத்துக்கு வட்டமாக ஒரு வரப்பு கட்டி, அதற்குள் தண்ணீர் ஊற்றினோம். அடிப்பக்கம் அகலமான டேப். பேட்டரி டிரில்தான், தண்ணீர் நிற்கும் இடத்தில் வயர் டிரில் வேண்டாம். வைர பிட்டைச் சாய்த்துப் பிடித்துக் கண்ணாடியில் பிறை போல ஒரு கோடு விழுந்ததும் மெல்ல நிமிர்த்த வேண்டும். அழுத்தவே கூடாது, டிரில்லின் எடையே போதும். தண்ணீர் அரிசி கழுவிய கழுநீர் மாதிரி வெளுக்கும். வெளுத்தால் மாற்றி ஊற்ற வேண்டும். ஒரு துளைக்குப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஆனது. கடைசி ஒரு மி.மீ.யில் அண்ணாச்சி டிரில்லைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே ஓட்டினார். வட்டச் சில்லு டேப்பில் தங்கியது, விளிம்பில் ஒரு பொறுக்குக்கூடப் பெயரவில்லை.

துளையின் அளவை நீங்கள் வாங்கிய டேங்க் கனெக்டரை (துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு) வைத்தே முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு இஞ்ச் என்று சொன்னாலும் கம்பெனிக்குக் கம்பெனி மரையின் வெளிவிட்டம் மாறுகிறது. கனெக்டரின் ரப்பர் வாஷர் தொட்டிக்கு உட்புறம், தண்ணீர் இருக்கும் பக்கம் வர வேண்டும், நட்டு வெளியே. கையால் முறுக்கி, அப்புறம் ஸ்பேனரில் கால் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் பிதுங்கி ஒழுகும். சிலிக்கான் பூச வேண்டியதில்லை.

இனி உயரங்கள். இந்த வேலை முழுக்க உயரத்தில்தான் இருக்கிறது. என் அளவுகளை அப்படியே தருகிறேன், எல்லாம் தொட்டியின் அடிக்கண்ணாடியிலிருந்து.

பின்கண்ணாடியின் நடுவில், உட்புறமாக, 40 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உள்ள ஓவர்ஃப்ளோ பெட்டி. அதன் முன்விளிம்பு 55 செ.மீ. உயரம். தண்ணீர் அந்த விளிம்பைத் தாண்டித்தான் பெட்டிக்குள் விழும். 40 செ.மீ. விளிம்பில் மணிக்கு 2000 லிட்டர் வழியும்போது விளிம்புக்கு மேல் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே தண்ணீர் நிற்கும். ஆக, தொட்டியின் ஓடும் மட்டம் 56. தொட்டியின் உயரம் 60, மேலே 4 செ.மீ. காலி. விளிம்பு நீளமாக இருக்க இருக்க வழியும் படலம் மெல்லியதாகி, மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் பசையை நன்றாக இழுத்துக்கொள்ளும். மூலையில் சின்னப் பெட்டி வைத்திருந்தபோது இந்தப் பசை போகாமல் வெளிச்சத்தையே மங்கலாக்கியது.

பெட்டிக்குள் தண்ணீர் 52இல் நிற்க வேண்டும். விளிம்பிலிருந்து 3 செ.மீ. இறக்கம்தான், அதனால் விழும் சத்தம் கேட்காது. மறுகாலின் வாய் 53.5. அதாவது பெட்டிக்குள் நிற்கும் மட்டத்துக்கு ஒன்றரை செ.மீ. மேலே, விளிம்புக்கு ஒன்றரை செ.மீ. கீழே. மறுகால் விளிம்பைவிட உயரமாகப் போய்விட்டால் பெட்டி நிரம்பித் தொட்டியின் மட்டமே ஏறிவிடும்.

மடையின் வாய் 37. கீழ்நோக்கித் திருப்பிய எல்போ, அதன் மேல் ஒரு வலைக்கூடு. ஏன் இவ்வளவு ஆழம் என்று அண்ணாச்சி கேட்கவே இல்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. வாய் மேலாக இருந்தால் மேலே சுழி விழும். மடைக்கு நேர் மேலே கோடையில் குளம் வற்றும்போது சுழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சுழியோடு காற்று உள்ளே போகும், குழாய் கத்தத் தொடங்கும், சைஃபன் அறுந்து அறுந்து ஓடும். 15 செ.மீ. தண்ணீர் தலைக்கு மேல் நின்றால் சுழி விழாது.

மடைக்கு ஒரு இஞ்ச் குழாய், மறுகாலுக்கு ஒன்றேகால் இஞ்ச். மறுகாலில் தண்ணீர் காற்றோடு சேர்ந்து போவதால் அதே அளவு தண்ணீருக்குப் பெரிய குழாய் வேண்டும்.

ரிட்டர்னுக்கு நான் துளை போடவில்லை. தொட்டியின் மேல்விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கும்படி வைத்தேன். நீர்மட்டத்துக்குக் கீழே துளை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிம்மதி. ஒரு இஞ்ச்சில் ஏறி, ஒரு டீயில் பிரிந்து, பின்பக்க இரண்டு மூலைகளிலும் முக்கால் இஞ்ச் வாயாக முடிகிறது. வாயின் மேல் ஓரம் தண்ணீருக்கு ஒரு செ.மீ. கீழே. இதைவிட மேலே போனால் காற்றைக் கலக்கிக் குமிழி போடும், உப்புத் தூறலும் தெறிக்கும். இதைவிடக் கீழே போகப் போகக் கரண்ட் போகும்போது ஒவ்வொரு செ.மீ.க்கும் 7.2 லிட்டர். இரண்டு வாயில் ஒன்று திறந்து காற்றை இழுத்தாலே இரண்டு பக்க சைஃபனும் அறுந்துவிடும். ஆனாலும் கொத்தனார் டியூப் மட்டம் வைத்து இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்தினோம். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, காற்றுப் புகுந்து சைஃபன் அறுவதற்காக, குழாயில் 3 மி.மீ. துளை ஒன்றும் போட்டிருக்கிறேன். பாசி அடைத்துவிடும் துளை அது. அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பாறைக்குப் பின்னால் அழுக்கு தங்கும் பிரச்சினைக்கு ரிட்டர்னை ஆழத்தில் வைப்பது வழியே அல்ல. அதற்குத் தனியாக ஒரு சுழற்சி பம்ப் கண்ணாடியில் ஒட்டினேன். கரண்ட் போனால் அது சும்மா நிற்கும், அவ்வளவுதான்.

வாய்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? இதைத் தாளில் வரைந்து முடிவு செய்ய முடியாது. ஓட்டம் பார்க்க முதலில் குழாய்த் தண்ணீரை நிரப்பியிருந்தோம். என் மகள் ஒரு கைப்பிடி பொரியை மேலே தூவினாள். முதல் நாள் இரண்டு வாயும் நேராக முன்கண்ணாடியைப் பார்த்திருந்தன. பொரியெல்லாம் முன்பக்க நடுவில் ஒரு வட்டமாகச் சேர்ந்து, அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு ஒன்றுகூட வரவில்லை. வாய்களைப் பெட்டிப் பக்கம் திருப்பினால், மூலையிலிருந்து வந்த தண்ணீர் தொட்டியைத் தொடாமலே நேரே பெட்டிக்குள் விழுந்தது. சம்பில் சுத்தமாகி வந்த தண்ணீர் மறுபடி சம்புக்கே போகும் வீண் சுற்று அது. கடைசியில் இடது வாயைப் பக்கக் கண்ணாடி ஓரமாக முன்னோக்கியும், வலது வாயை முன்கண்ணாடியின் வலது மூலையைப் பார்த்துக் கொஞ்சம் மேலாகவும் திருப்பினோம். பொரி முன்கண்ணாடி ஓரமாக நீளவாக்கில் நகர்ந்து, வலது பக்கம் வளைந்து, பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொன்றாகப் பெட்டி விளிம்பில் வந்து நின்றது. ஒரு நிமிடத்துக்குள் மேற்பரப்பு துடைத்த மாதிரி ஆனது. மகள் இன்னொரு கைப்பிடி போட்டுப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டாள்.

குழாய் வாங்கிய கதையில் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், வால்வு. சந்திப்பிள்ளையார் முக்கு பக்கம் போய் ஒரு கடையில் கேட் வால்வு கேட்டதும் கனமான பித்தளை வால்வை எடுத்து வைத்தார் கடைக்கார அண்ணாச்சி. "இது காலத்துக்கும் கிடக்கும் தம்பி, பிளாஸ்டிக்க நம்பாதீய" என்றார். அவர் சொன்னது வீட்டுக் குழாய்க்கு முழுக்கச் சரி. பவளத் தொட்டிக்கு அது விஷம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். உப்புத் தண்ணீர் செம்பைக் கரைக்கும். மீன் தாங்கும் அளவுச் செம்பைக்கூட நத்தையும் இறாலும் பவளமும் தாங்காது. வால்வு, கிளாம்பு, ஸ்க்ரூ, பம்பின் தண்டு, எதிலும் தண்ணீர் படும் உலோகம் இருக்கக் கூடாது. பிவிசி கேட் வால்வு இங்கே கைக்குக் கிடைக்கவில்லை, சென்னையிலிருந்து வரும் வரை பால் வால்வு போட்டு ஓட்டினேன். பால் வால்வில் கைப்பிடி கால் சுற்றுத்தான் திரும்பும், நூல் அளவு தள்ளினாலே பெட்டியின் மட்டம் நாலு விரல் மாறிவிடும். அண்ணாச்சி கைப்பிடியில் ஒரு அடி நீளக் குழாய்த் துண்டைச் செருகிவிட்டார். கைப்பிடி நீண்டதும் நுனியில் ஒரு செ.மீ. தள்ளினால் உள்ளே துளிதான் திரும்புகிறது. இரண்டு மாதம் அதுவே போதுமாக இருந்தது.

ஒட்டும் முன் எல்லாவற்றையும் சும்மா செருகிப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் பென்சில் கோடு போட்டுக்கொண்டோம். வெட்டிய முனையின் பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, கோட்டிலிருந்து கால் சுற்றுத் தள்ளிச் செருகி, கோட்டோடு கோடு சேரத் திருப்பி, அரை நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் குழாய் மெல்ல வெளியே தள்ளிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கக் காய விட்டோம். டேங்க் கனெக்டருக்குக் கீழும் பம்புக்கு மேலும் யூனியன் வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் பம்பைக் கழுவக்கூடக் குழாயை அறுக்க வேண்டிவரும்.

அடுத்த நாள் ஓட்டியபோது மடை வேலை செய்யவில்லை.

பம்பைப் போட்டதும் பெட்டி நிறைந்தது, மறுகால் பாய்ந்தது, பாய்ந்துகொண்டே இருந்தது. மடைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் சொட்டியது, அவ்வளவுதான். வால்வு முழுக்கத் திறந்துதான் இருந்தது. பத்து நிமிடம் கழித்தும் அதே நிலை. அண்ணாச்சி குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள காத்து நிக்கி. வெளிய போக வழியில்ல" என்றார். இரண்டு இடத்தில் தப்பு இருந்தது. ஒன்று, குழாயின் கீழ்முனை சம்பின் தண்ணீருக்குள் 12 செ.மீ. மூழ்கியிருந்தது. தொடக்கத்தில் குழாயில் இருக்கும் காற்று கீழ்முனை வழியாகத்தான் வெளியேற வேண்டும். 12 செ.மீ. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே வர அதற்கு வலுவில்லை. இரண்டு, கனெக்டரிலிருந்து வெளியே வந்த குழாய் ஒரு 90 பாகை எல்போவில் இறங்கி, பிறகு 50 செ.மீ. தூரம் படுக்கையாக ஓடியது. படுக்கைக் குழாயின் மேல்முதுகில் காற்று குமிழாக உட்கார்ந்துகொண்டது.

கீழ்முனையை அறுத்து 2 செ.மீ. மட்டும் மூழ்கும்படி வைத்தோம். படுக்கை ஓட்டத்தை எடுத்துவிட்டு இரண்டு 45 பாகை எல்போ போட்டு, எங்கும் சமமாகவோ மேல்நோக்கியோ போகாமல் ஒரே சரிவாக இறக்கினோம். மறுபடி பம்பைப் போட்டோம். பெட்டி நிறைந்தது, மறுகால் பாய்ந்தது, சம்பில் மடையின் முனையிலிருந்து குமிழி பொலபொலவென்று கிளம்பியது. நாற்பது வினாடியில் ஒரு பெரிய ஏப்பம் மாதிரி மொத்தக் காற்றும் வெளியே வந்தது. அடுத்த கணம் பெட்டியின் மட்டம் கண் முன்னே இறங்கியது. மறுகால் நின்றது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு, "மடை பிடிச்சிட்டு" என்றார்.

மறுகாலின் கீழ்முனையை மட்டும் தண்ணீரில் மூழ்க விடாமல், சம்பின் மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே நிறுத்தியிருக்கிறேன். அதில் தண்ணீர் விழுந்தால் சளசளவென்று வீடு முழுக்கக் கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் அப்படி வைத்தது. மறுகால் சத்தம் கேட்டால் மடையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு கணக்கும் சோதனையும். பம்ப் வந்த அட்டைப்பெட்டியில் மணிக்கு 4000 லிட்டர் என்று போட்டிருந்தது. அது உயரமே இல்லாத இடத்துக்கான எண். ரிட்டர்னை ஒரு 20 லிட்டர் வாளியில் பிடித்தோம், நிறைய 36 வினாடி. ஆக மணிக்கு 2000. என் தொட்டிக்கு அது போதும்.

கரண்ட் போனால் கீழே வரப்போகும் தண்ணீர்: ரிட்டர்ன் வாய் நன்றாகத் திறந்து காற்றுப் புகும் வரை தொட்டி 2.5 செ.மீ. இறங்கும், 18 லிட்டர். பெட்டி 52இலிருந்து 37க்கு இறங்கும், 7 லிட்டர். குழாய்களில் இருப்பது 2 லிட்டருக்குள். மொத்தம் 27. என் சம்ப் 90க்கு 45, உயரம் 40. பம்ப் ஓடும்போது 24இல் நிற்கும் மட்டம், பம்ப் இருக்கும் ரிட்டர்ன் அறையில் மட்டம் கொஞ்சம் தாழ்ந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், 30 பக்கத்தில் போய் நிற்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மூவரும் டார்ச்சோடு உட்கார்ந்தோம். 31இல் நின்றது. ஸ்கிம்மரும் பாறைத் துண்டுகளும் அடைத்த இடம்தான் அந்த ஒரு செ.மீ. மேலே இன்னும் 9 செ.மீ. காலி.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மடையும் மறுகாலும் ஒருசேர அடைத்துவிட்டால் பம்ப் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்குமே, அப்போது மேல்தொட்டி வழியுமா? சம்பில் ரிட்டர்ன் அறை மட்டும் தடுப்புக் கண்ணாடியால் பிரிந்திருக்கிறது, 25க்கு 45. அதில் பம்ப் எடுக்கக்கூடியது 15 செ.மீ., 17 லிட்டர். அதற்கு மேல் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். மேல்தொட்டியில் 4 செ.மீ. காலி, 28 லிட்டருக்கு மேல். இரண்டு வாயையும் துணியால் அடைத்து ஓட்டிப் பார்த்தோம். தொட்டியின் மேல்விளிம்புக்கு ஒன்றரை செ.மீ. கீழே வந்து மட்டம் நின்றது, பம்ப் கரகரத்தது. உடனே அணைத்துவிட்டேன். ரிட்டர்ன் அறையைப் பெரிதாக வைத்தால் அடிக்கடி தண்ணீர் சேர்க்க வேண்டாமே என்று தோன்றும். பெரிதாக்கும்போது இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்னி நட்சத்திரக் காலத்தில் மின்விசிறியை மேலே ஓட விட்டால் நாளுக்கு ஐந்து லிட்டர்கூட ஆவியாகும். மேல்தொட்டியின் மட்டம் மாறாது, விளிம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். குறைவது ரிட்டர்ன் அறையில்தான் தெரியும். உப்பு ஆவியாவதில்லை என்பதால் ஆர்.ஓ. தண்ணீர்தான் சேர்க்க வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. பம்ப் நின்றிருக்கும்போது சம்பில் ஒரு சொம்புகூட ஊற்றாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி 24இல் ஒரு பச்சை டேப்பும் 31இல் ஒரு சிவப்பு டேப்பும் ஒட்டியிருக்கிறேன்.

மாதம் ஒரு தடவை மடையின் வலைக்கூட்டைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறேன், 3 மி.மீ. துளையில் ஊசி விடுகிறேன், சுவிட்சை அணைத்து சிவப்பு டேப்பைப் பார்க்கிறேன். கேட் வால்வு வந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் அதைத் தொட வேண்டியிருந்தது.

போன வாரம் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திய கரண்ட் மதியம்தான் வந்தது. பேட்டரியில் ஓடும் காற்று பம்பை மட்டும் தொட்டியில் போட்டிருந்தேன். கரண்ட் வந்தபோது நான் வெளியே இருந்தேன். அம்மா போனில் சொன்னாள்: "மறுகால் பாஞ்சுது. எண்ணிக்கிட்டே இருந்தேன், நாப்பதுக்குள்ள நின்னுட்டு."

இனி தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குக் குழாய் இழுக்க வேண்டும். ரிட்டர்னிலிருந்து டீ பிரிக்காமல், சம்பிலேயே அதற்குத் தனி பம்ப் வைக்கப்போகிறேன். அப்படிச் செய்தால் சில்லர் அடைத்தாலும் மேல்தொட்டிக்குப் போகும் தண்ணீர் குறையாது. அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.